ஃபால்கன் 4.0: கைவிடப்பட்ட போர் விமான சிமுலேட்டரும் அதை வாழவைத்த ஆர்வலர்களும்

ஃபால்கன் 4.0 என்பது எஃப்-16 போர் விமானத்தை ஓட்டும் அனுபவத்தைத் தனிக்கணினியில் தருகின்ற ஒரு சிமுலேட்டர் விளையாட்டு ஆகும். அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனம் இதனை 1998 டிசம்பர் 12 அன்று வெளியிட்டது. ஏறத்தாழ ஓராண்டில் இதை உருவாக்கிய பிரிவு மூடப்பட்டது. பொதுவாக ஒரு கணினி விளையாட்டின் கதை அத்துடன் முடிந்துவிடும். ஃபால்கன் 4.0 முடியவில்லை. ஊதியம் ஏதுமின்றி உழைத்த ஆர்வலர்கள் அதன் பிழைகளைத் திருத்தினர். பின்னர் பெரும்பகுதியை மாற்றி எழுதினர். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அதன் வழித்தோன்றல் பயன்பாட்டில் இருக்கிறது. உரிமையாளரே கைவிட்ட ஒரு படைப்பை, அதைப் பயன்படுத்துவோர் எந்த அளவு தமதாக்கிக்கொள்ளலாம் என்ற கேள்வியும் இவ்வரலாற்றினூடே தொடர்ந்து வருகிறது.

சொல்விளக்கம்

விமானத்தில் ஏறாமலே விமானம் ஓட்டப் பயிற்சி தரும் கருவியே சிமுலேட்டர். 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க் இத்தகைய பயிற்சிப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். அவரது குடும்பம் ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழிலில் இருந்தது. ஆர்கனில் பயன்படும் காற்றுத் துருத்திகளையே கொண்டு அவர் அந்தப் பெட்டியைச் சாயவும் திரும்பவும் வைத்தார். இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் விமானிகள் பலர் இவ்வகைப் பெட்டிகளில் பயின்றனர். 1980களில் தனிக்கணினி பரவியதும் இதே எண்ணம் வீட்டு மேசைக்கு வந்தது.

வெளியான மென்பொருளைப் பயன்படுத்துவோர் தாமே மாற்றி அமைப்பதை ‘மாடிங்’ என்றும், அவ்வாறு அமைந்த மாற்றத்தை ‘மாட்’ என்றும் கூறுவர். விமானத்தின் மேற்பூச்சை மாற்றுவது எளிய மாட். புதிய விமானம் சேர்ப்பதும், புதிய நிலப்பரப்பை உருவாக்குவதும், பறக்கும் தன்மைக்கான கணக்கையே திருத்துவதும் கடினமானவை. மென்பொருளை எழுதும்போது நிரலாளர் எழுதும் வடிவம் மூல நிரல் எனப்படும். பயனரிடம் வந்து சேர்வது அதிலிருந்து கணினிக்காக மாற்றப்பட்ட இயங்கு கோப்பு. சமைத்த குழம்பைச் சுவைத்துப் பக்குவத்தை ஊகிக்கலாம். எழுதி வைத்த செய்முறை கையில் இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை. இயங்கு கோப்புக்கும் மூல நிரலுக்கும் உள்ள வேறுபாடு இத்தகையது. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

ஃபால்கன் வரிசையின் தோற்றம்

ஃபால்கன் வரிசையின் முதல் விளையாட்டு 1987இல் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் என்ற பெயரில் வெளிவந்தது. அந்நிறுவனத்தை வழிநடத்தியவர்களில் முதன்மையானவர் கில்மன் லூயி. 1991இல் வெளியான ஃபால்கன் 3.0 இத்துறையில் பெரும் வரவேற்பைப் பெற்றது. தொடக்கத்தில் பிழைகள் மலிந்திருந்த அது, அடுத்தடுத்து வந்த திருத்தப்பொதிகளால் சீரானது. எஃப்-16 விமானியான பீட் போனன்னி இக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். வான்சண்டை நுட்பங்களை விளக்கி அவர் எழுதிய ‘ஆர்ட் ஆஃப் தி கில்’ என்ற நூலும் காணொளியும் ஃபால்கன் 3.0ஐ அடிப்படையாகக் கொண்டவை. உண்மை விமானியின் பாடத்தை வீட்டுக் கணினியில் செய்துபார்க்கலாம் என்ற நிலை ஆர்வலர்களை மிகவும் ஈர்த்தது.

1993இல் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட்டும் மைக்ரோபுரோஸும் இணைந்தன. 1998இல் ஹாஸ்ப்ரோ என்னும் பொம்மை நிறுவனம் மைக்ரோபுரோஸை வாங்கியது. பல ஆண்டுகளாக உருவாகிக்கொண்டிருந்த ஃபால்கன் 4.0 அந்த ஆண்டின் இறுதியில், விடுமுறைக் கால விற்பனையை ஒட்டிக் கடைகளுக்கு வந்தது. கில்மன் லூயி 1999இல் அமெரிக்க உளவுத்துறைக்காகத் தொழில்நுட்ப நிறுவனங்களில் முதலீடு செய்யும் இன்-க்யூ-டெல் அமைப்பின் முதல் தலைமைச் செயல் அலுவலரானார்.

1998 வெளியீடு

ஃபால்கன் 4.0இன் களம் கொரியத் தீபகற்பம். வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் இடையே கற்பனையான ஒரு போர் மூள்கிறது. பயனர் தென் கொரியாவில் நிலைகொண்டுள்ள எஃப்-16சி விமானத்தின் விமானி. முதல் பதிப்பு, வளையங்களிட்டுக் கோத்த தடித்த கையேட்டுடன் விற்கப்பட்டது. கையேடு ஏறத்தாழ 600 பக்கங்கள். ரேடாரின் ஒவ்வொரு முறைமையும், ஒவ்வோர் ஆயுதத்தை ஏவும் படிநிலையும், வானில் எரிபொருள் நிரப்பும் வழியும் அதில் பாடங்களாக அமைந்திருந்தன. பாடநூலைப் போல வரிசையாகப் படித்துத் தேறினால்தான் விளையாட்டைத் தொடங்கவே முடியும் என்ற நிலை. பலர் இதனால் விலகினர். ஆனால் விலகாமல் படித்தவர்களே பின்னாளில் இந்த மென்பொருளைக் காப்பாற்றியவர்கள் என்பதைக் கருதினால், அந்தக் கையேட்டை மாடிங் இயக்கத்தின் முதல் பாடநூல் எனலாம்.

வெளியான பதிப்பில் குறைகள் ஏராளம். விளையாட்டு அடிக்கடி நின்றுபோனது. பலர் சேர்ந்து விளையாடும் முறை தடுமாறியது. உருவாக்கிய குழு 1999 முழுவதும் திருத்தப்பொதிகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. அவற்றுள் இறுதியானது 1.08 எனப்படும் பதிப்பு.

தானே நகரும் போர்

இத்தனை குறைகள் இருந்தும் ஆர்வலர்கள் இதை விட்டுவிடாததற்கு முதன்மைக் காரணம், இதில் அமைந்த ‘டைனமிக் கேம்பெயின்’ என்னும் போர் இயக்கமுறை. பிற சிமுலேட்டர்கள் பலவற்றில் முன்பே எழுதிவைத்த பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டாம் முறை ஓட்டினால் எதிரி விமானம் அதே இடத்தில், அதே நேரத்தில் தோன்றும். ஃபால்கன் 4.0இல் அப்படி இல்லை. தீபகற்பம் முழுவதும் தரைப்படைகள் நகர்கின்றன, விமானங்கள் புறப்படுகின்றன, எரிபொருளும் வெடிபொருளும் களத்துக்குச் செல்கின்றன. பயனர் விமானம் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் போர் நடந்துகொண்டே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆற்றுப் பாலம் ஒன்றைப் பயனர் குண்டுவீசித் தகர்க்கிறார் என்று கொள்வோம். பாலம் அடுத்த பணியிலும் தகர்ந்தே கிடக்கும். அதைக் கடக்க வேண்டிய படைப்பிரிவு வேறு வழியைத் தேடும்; தாமதமாகும். அதற்குள் மறுகரையில் உள்ள பிரிவு வலுப்பெறலாம். குண்டு குறிதவறினால் அந்தப் படை மறுநாள் பயனரின் விமானத் தளத்தை நெருங்கியிருக்கலாம்.

1998இன் கணினிகளில் இத்தனை பொருள்களையும் ஒரே நேரத்தில் முழு நுணுக்கத்துடன் கணக்கிட இயலாது. அதற்காக உருவாக்குநர்கள் கையாண்ட வழி ‘குமிழி’ என அழைக்கப்படுகிறது. பயனரின் விமானத்தைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத குமிழி இருக்கிறது. குமிழிக்கு வெளியே ஒரு டாங்கிப் படை என்பது வெறும் கணக்குப் புள்ளி: இத்தனை வண்டிகள், இந்த இடம், இந்தத் திசை. குமிழியின் விளிம்பு அதைத் தொட்டவுடன் அந்தப் புள்ளி தனித்தனி வண்டிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் நகரவும் சுடவும் தொடங்கும். குமிழி விலகியதும் எஞ்சியவை மீண்டும் ஒரே புள்ளியாகச் சேர்ந்துவிடும். குமிழிக்கு வெளியே நடக்கும் சண்டைகள் எண்களின் மோதலாகத் தீர்க்கப்படும். இந்த அமைப்பை விஞ்சிய ஒன்றை வணிகச் சிமுலேட்டர்கள் எளிதில் தரவில்லை. இது அழிந்துவிடக் கூடாது என்ற எண்ணமே பல ஆர்வலர்களைத் திருத்தும் வேலையில் இறக்கியது.

பிரிவு மூடலும் மூல நிரல் கசிவும்

1999 டிசம்பரில் ஹாஸ்ப்ரோ, கலிஃபோர்னியா மாநிலம் அலமேடாவில் இருந்த உருவாக்கப் பிரிவை மூடியது. இனித் திருத்தப்பொதி வராது என்பது உறுதியாயிற்று.

2000 ஏப்ரல் 9 அன்று ஃபால்கன் 4.0இன் மூல நிரல் இணையத்தில் வெளியானது. இதை வெளியிட்டவர் உருவாக்கக் குழுவைச் சேர்ந்த ஒருவர். நிறுவனம் இதற்கு அனுமதி வழங்கவில்லை, இது கசிவே. கசிந்த நிரல் 1.07க்கும் 1.08க்கும் இடைப்பட்ட நிலையைச் சேர்ந்தது. ஆதலால் இறுதித் திருத்தங்கள் அனைத்தும் அதில் அடங்கியிருக்கவில்லை. மூல நிரலைப் பெற்றவர்கள், கடைசிப் பதிப்பில் சரிசெய்யப்பட்ட பிழைகளையே மறுபடியும் தாம் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இரு வழிகள்

கசிவுக்குப் பின் ஆர்வலர்கள் இரு வழிகளில் பிரிந்தனர்.

முதல் வழி, மூல நிரலைத் தொடாமல் செல்வது. ஃபால்கன் 4.0இல் விமானம், ஏவுகணை, ரேடார், வாகனம் ஆகிய ஒவ்வொன்றின் பண்புகளும் தரவுக் கோப்புகளில் எண்களாக வைக்கப்பட்டிருந்தன. ஏவுகணையின் எடை, மோட்டார் எரியும் நேரம், காற்றின் இழுவை ஆகியவற்றை மாற்றினால் அது பறக்கும் தொலைவும் மாறும். ‘ரியலிசம் பேட்ச்’ என்ற பெயரில் செயல்பட்ட குழு இவ்வழியில் சென்றது. வெளிப்படையாகக் கிடைத்த நூல்களிலிருந்தும் இயற்பியல் கணக்குகளிலிருந்தும் எண்களைத் திரட்டி, ஆயுதங்களின் செயல்பாட்டைச் சீராக்கினர். இயங்கு கோப்பிலும் குறிப்பிட்ட பைட்டுகளைக் கண்டறிந்து மாற்றினர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை விளக்கும் நீண்ட ஆவணத்தையும் உடன் வெளியிட்டனர். எதை, ஏன் மாற்றினோம் என்று எழுதிவைக்கும் இந்தப் பழக்கம் பின்வந்த குழுக்களுக்கும் முன்மாதிரியாயிற்று.

இரண்டாம் வழி, மூல நிரலையே கையாள்வது. ‘இ-ஃபால்கன்’ குழு இதில் முன்னோடி. நிரலையே மாற்ற முடிந்ததால், தரவுக் கோப்புகளால் எட்ட முடியாத பிழைகளையும் இவர்களால் தீர்க்க முடிந்தது. பின்னர் இரு வழிகளின் பயன்களையும் சேர்த்து ‘சூப்பர்பேக்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. அதன் பிறகு ஃப்ரீஃபால்கன், ஓப்பன்ஃபால்கன், பென்ச்மார்க் சிம்ஸ் எனப் பல கிளைகள் தோன்றின.

பழைய ஏடுகளைப் படியெடுத்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஓலை நெடுநாள் நிலைக்காது. ஒவ்வொரு தலைமுறையும் படியெடுத்தால்தான் நூல் வாழும். படியெடுப்பவர் திருத்துவார், சில இடங்களில் பிழையும் சேர்ப்பார். இரண்டு ஊர்களில் இரண்டு படிகள் இருந்தால் பாடபேதம் பிறக்கும். மென்பொருளும் அவ்வாறே. கணினியும் இயங்குதளமும் சில ஆண்டுகளில் மாறிவிடுவதால், எவரும் தொடாமல் வைத்த நிரல் விரைவில் இயங்காமல் போகும். ஃபால்கனின் கிளைகளை ஒரு நூலின் பாடபேதங்கள் எனக் கொண்டால், எது சரியான பாடம் என்று குழுக்களுக்கிடையே எழுந்த கடும் சச்சரவுகளும் விளங்கும். ஒரு குழு அழகான காட்சிகளுக்கும் பலவகை விமானங்களுக்கும் முதன்மை தந்தது. மற்றொரு குழு எஃப்-16 ஒன்றையே நுணுக்கமாகச் செய்ய வேண்டும் என்றது. ஒரு கிளையின் கோப்பை மறு கிளை இசைவின்றி எடுத்துக்கொண்டது என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன.

உரிமைச் சிக்கல்

ஃபால்கனின் உரிமை பலமுறை கைமாறியது. ஹாஸ்ப்ரோவின் கணினி விளையாட்டுப் பிரிவை 2001இல் பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸ் வாங்கியது. அது பின்னர் அடாரி என்ற பெயரை ஏற்றது. முறையான உரிமம் பெற்ற லீட் பெர்சூட் என்ற சிறு நிறுவனம் 2005இல் ‘ஃபால்கன் 4.0: அலைட் ஃபோர்ஸ்’ என்ற பதிப்பை வெளியிட்டது. முன்பு மாடிங் குழுக்களில் பணியாற்றியவர்கள் சிலர் அதில் இருந்தனர். கொரியாவுடன் பால்கன் பகுதியும் களமாகச் சேர்க்கப்பட்டது. கசிந்த நிரலில் தொடங்கிய கைப்பழக்கம், உரிமத்துடன் கூடிய விற்பனைப் பொருளாக முடிந்தது இங்கு குறிப்பிடத்தக்கது.

மற்ற குழுக்களின் நிலை அவ்வளவு தெளிவாக இல்லை. அவர்கள் வேலைக்கு விலை வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் விலை வாங்காமை மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: நிரலாளர்கள் பல ஆண்டு ஊதியம் பெற்று எழுதிய நிரல் அது, அதற்குப் பணம் போட்டது நிறுவனம். ஆர்வலர்களின் பக்கமும் நியாயம் உண்டு: பிழைகளுடன் விற்ற பொருளை ஓராண்டில் கைவிட்டவர்கள், அதை விலைகொடுத்து வாங்கியவர்களுக்குத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பையும் தரவில்லை. இவ்விரு நியாயங்களுக்கும் இடையே ஒரு நடைமுறை உருவாயிற்று. பென்ச்மார்க் சிம்ஸ் குழு தன் பதிப்பை இலவசமாக அளிக்கிறது. ஆனால் பயனரின் கணினியில் முறையாக வாங்கிய மூல ஃபால்கன் 4.0 இருக்கிறதா என்று சோதித்த பிறகே அது நிறுவப்படும். இதனால் உரிமையாளரின் விற்பனை குறையாமல், கூடவும் வழி ஏற்பட்டது. 2013இல் அடாரியின் அமெரிக்கப் பிரிவு திவாலாகிச் சொத்துகள் ஏலம் போனபின், பழைய ஃபால்கன் விளையாட்டுகள் இணையக் கடைகளில் மீண்டும் விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களில் பலருக்கு நோக்கம் பழைய விளையாட்டன்று. அதன்மேல் நிறுவப்படும் பி.எம்.எஸ். பதிப்பே.

பி.எம்.எஸ். பதிப்பு

பென்ச்மார்க் சிம்ஸ் குழுவின் 4.32 பதிப்பு 2011 செப்டம்பரில் வெளிவந்தது. 2015இல் 4.33, 2020 இறுதியில் 4.35 எனப் பதிப்புகள் தொடர்ந்தன. 4.37 பதிப்பில் தலையில் அணியும் மெய்நிகர் காட்சிக் கருவிக்கான ஆதரவும் சேர்ந்தது. விமானி அறையின் பெரும்பாலான பொத்தான்களைச் சுட்டியால் இயக்கலாம். நின்றிருக்கும் விமானத்தை எஞ்சின் தொடக்கத்திலிருந்து படிப்படியாக இயக்கிப் புறப்படச் செய்யும் நடைமுறை, உண்மை விமானத்தின் சரிபார்ப்புப் பட்டியலை ஒட்டியது. தன்னார்வலர்கள் எழுதிய கையேடுகள் பல நூறு பக்கங்களுக்கு விரிகின்றன. 1998இன் தடித்த கையேடு தொடங்கிவைத்த மரபு இவ்வாறு தொடர்கிறது.

ஆழ் ஸ்டால்: மாடிங்குக்கு ஓர் எடுத்துக்காட்டு

மாடிங் வேலையின் தன்மையை ஒரே ஒரு கூற்றைக் கொண்டு விளக்கலாம். எஃப்-16 விமானம் வேண்டுமென்றே சற்று நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. நிலையற்ற விமானம் விரைவாகத் திரும்பும். அதைக் கணினியின் உதவியின்றி மனிதர் ஓட்டுவது அரிது. விமானியின் கைத்தண்டிலிருந்து வரும் மின்சமிக்ஞையைக் கணினி வாங்கி, எந்த அளவு திரும்பலாம் என்று தீர்மானிக்கிறது. எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம் தாக்குகோணம் எனப்படும். அது ஏறத்தாழ 25 பாகையைத் தாண்டாமல் கணினி தடுக்கிறது.

ஆனால் மூக்கை மேலே தூக்கி ஏறும்போது வேகம் மிகவும் குறைந்துவிட்டால், வால் தகடுகளில் போதிய காற்று படாது. கணினி கட்டளையிட்டாலும் பயனில்லை. விமானம் 50 பாகைக்கும் மேற்பட்ட தாக்குகோணத்தில், தட்டையாக, இலை விழுவதுபோல் கீழிறங்கும். இதுவே ஆழ் ஸ்டால். தண்டை முழுவதும் முன்னே தள்ளினாலும் மூக்கு இறங்காது. மீளும் வழி ஒன்று உண்டு. கணினியின் தடையை நீக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கு தானாக மேலும் கீழும் அசையும் தாளத்தோடு தண்டை இழுத்தும் தள்ளியும் அசைவைப் பெருக்க வேண்டும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் உந்தினால் வீச்சு கூடுவதுபோல் இங்கும் அசைவு கூடும். ஒரு கட்டத்தில் மூக்கு கீழே கவிழ்ந்து விமானம் வேகம் பெறும். தாளம் தவறினால் இருக்கும் அசைவும் அடங்கிவிடும்.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, லாங்லி ஆய்வகத்தில் இந்நிகழ்வைச் சிமுலேட்டர் கொண்டு ஆராய்ந்து 1979இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காற்றுச்சுரங்கச் சோதனைகளில் கிடைத்த எண்கள் அதில் அட்டவணைகளாக உள்ளன. எவரும் படிக்கக்கூடிய பொது ஆவணம் அது. எஃப்-16இன் பறக்கும் தன்மையை உருவாக்க முனையும் ஆர்வலர்கள் அடிக்கடி நாடும் ஆவணமும் அதுவே. ஒவ்வொரு தாக்குகோணத்திலும் தூக்குவிசை எவ்வளவு, இழுவை எவ்வளவு என்பதை அட்டவணையிலிருந்து எடுத்து, இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிட்டு, நொடிக்குப் பலமுறை அந்த விசைகளை விமானத்தின்மேல் செலுத்த வேண்டும். அப்படிச் செய்தால் ஆழ் ஸ்டால் என்பதைத் தனியாக எழுதிச் சேர்க்கத் தேவையில்லை. எண்கள் சரியாக இருந்தால் அது தானே நிகழும். பி.எம்.எஸ். பதிப்பில் பயனர் ஆழ் ஸ்டாலில் சிக்கவும், மேற்கூறிய முறையால் மீளவும் முடியும். கல்லூரியில் இயற்பியல் படித்து மறந்த பலர், இதற்காக மீண்டும் புத்தகத்தை எடுத்தனர்.

பிற சிமுலேட்டர்களின் வழிகள்

ஃபால்கனின் வழி கசிவில் தொடங்கியது. வேறு வழிகளும் இருந்தன. இங்கிலாந்தின் ரோவன் சாஃப்ட்வேர் உருவாக்கிய ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ 2000ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரோவன் மூடப்பட்டபின் அதன் வெளியீட்டு நிறுவனம் மூல நிரலை ஆர்வலர்களுக்கு அளித்தது. அவர்கள் திருத்திய வடிவம் 2005இல் ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன் 2’ என்ற பெயரில் முறையாக வெளியிடப்பட்டது.

ரஷ்யாவில் ஒலெக் மாடாக்ஸ் தலைமையில் உருவாகி 2001இல் வெளியான ‘இல்-2 ஸ்டுர்மோவிக்’ இதற்கு நேர்மாறானது. விமானங்களின் தரவு பூட்டிய கோப்புகளில் இருந்தது. மேற்பூச்சும் பணிகளும் தவிர வேறு எதையும் பயனர் மாற்ற முடியாது. இணையத்தில் எதிரெதிராக விளையாடுபவர்கள் ஏமாற்றாமல் இருக்க அந்தப் பூட்டு உதவியது. 2007இல் பூட்டு உடைக்கப்பட்டது. புதிய விமானங்களும் நிலப்பரப்புகளும் வெள்ளமெனக் குவிந்தன; அதே நேரம், எதிராளியின் விமானத்தில் உள்ள எண்கள் நம் விமானத்தில் உள்ளவைதாமா என்ற ஐயமும் வந்தது. ஆர்வலர் சமூகம் இரண்டாகப் பிளந்தது. பின்னர் டீம் டைடலோஸ் என்ற தன்னார்வக் குழு, உருவாக்குநரின் இசைவுடன் 2009 முதல் அதிகாரபூர்வத் திருத்தப்பொதிகளை வெளியிட்டது. மாடிங்கில் சுதந்திரமும் நம்பகத்தன்மையும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதற்கு இல்-2 நல்ல சான்று.

பேச்சும் இரகசியமும்

இவ்வேலைகளெல்லாம் உரையாடலில்தான் நடந்தன. 1990களின் யூஸ்நெட் குழுக்கள் தொடங்கி, ஓர் ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் செல்லும், ஒரு ரேடார் எவ்வளவு தொலைவில் காணும் என்று ஆர்வலர்கள் ஓயாமல் வாதிட்டனர். ஓய்வுபெற்ற விமானிகளும் விமானத் தொழில்நுட்பப் பணியாளர்களும் அதில் கலந்துகொண்டனர். “நான் சொல்கிறேன்” என்பது அங்கு செல்லாது. ஆவணத்தைக் காட்ட வேண்டும்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. வாதத்தில் வெல்ல வேண்டும் என்ற ஆசை, காட்டக் கூடாத ஆவணத்தையும் காட்டவைக்கும். 2021 ஜூலையில் வேறொரு போர் விளையாட்டின் ஆர்வலர்களிடையே நடந்த வாக்குவாதத்தில், பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கியின் கட்டுப்படுத்தப்பட்ட கையேட்டுப் பக்கம் பகிரப்பட்டது. 2023 ஜனவரியில் எஃப்-16 பற்றிய ஆவணமும் அதே வகையில் வெளிப்பட்டு நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, ஏற்றுமதி தடைசெய்யப்பட்ட எஃப்-16 கையேடுகளை இணைய ஏலத்தின்வழி வாங்க முயன்றதாக, சிமுலேட்டர் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ரஷ்யர் ஒருவர் ஜார்ஜியா நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்பட்டார். 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு, ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே தண்டனையாக விதிக்கப்பட்டது. பழைய பொருள் விற்கும் தளத்தில் எவரும் காணும்படி கிடப்பதால் மட்டும் ஓர் ஆவணம் பொது ஆவணம் ஆகிவிடாது. நாசாவின் 1979 அறிக்கையும் அந்தக் கையேடுகளும் ஒரே விமானத்தைப் பற்றியவை; சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு. பொறுப்புள்ள மாடிங் குழுக்கள் மூல ஆவணம் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்பது இதனால்தான்.

மதிப்பீடு

ஃபால்கன் 4.0 நிலைத்ததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, தானே நகரும் போர் என்ற அதன் அடித்தளம் காத்துவைக்கத் தக்கதாக இருந்தது. இரண்டாவது, மாற்றங்களை ஆவணப்படுத்தும் பழக்கம் தொடக்கத்திலேயே ஊன்றியது. ஒருவர் விலகினாலும் அடுத்தவர் தொடர அது வழிசெய்தது. மூன்றாவது, கசிவில் தொடங்கிய செயலை உரிமையாளருக்குக் கேடில்லாத நடைமுறையாக மாற்றும் நிதானம் பிற்காலக் குழுவுக்கு இருந்தது.

குறைகளும் உள்ளன. பங்களித்தவர்கள் பெரும்பாலும் விமானிகளைப் போல அழைப்புப் பெயர்களிலேயே அறியப்பட்டனர். யார் எந்தப் பகுதியை எழுதினார், எந்த ஆண்டு எழுதினார் என்பதற்கு அவர்களுடைய உரையாடல்களே சான்று. பழைய தளங்கள் மறையும்போது அச்சான்றுகளும் மறைகின்றன. ஏட்டைப் படியெடுத்தவர் பெயர் பல சுவடிகளில் இல்லாததுபோல், இந்த நிரலில் உழைத்த பலருடைய பெயரும் தெரியாமலே போகும் நிலை உள்ளது. மேலும், களமாக அமைந்த கொரியாவில் 1950 முதல் 1953 வரை நடந்த உண்மைப் போரில் இலட்சக்கணக்கான பொதுமக்கள் மாண்டனர். குமிழிக்கு வெளியே படைகள் எண்களாகச் சுருங்கும் ஒரு கருவியில் அந்தத் துயரம் தெரியாது. சிமுலேட்டர் விமானத்தைக் கற்றுத்தரும். போரைக் கற்க வரலாற்று நூல்களைத்தான் நாட வேண்டும்.

மைக்ரோபுரோஸ் என்ற பெயரைப் புதுப்பித்து இயங்கும் இன்றைய நிறுவனம் 2023இல் ஃபால்கன் வரிசையின் உரிமையைப் பெற்றது. பி.எம்.எஸ். குழுவின் தன்னார்வப் பணியும் தொடர்கிறது.